தூளி ஆடும் நேரத்தில் கைவேலை

எங்கள் வகுப்பு மாலை 7 மணிக்குத் தொடங்கும். பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. படிக்க வருபவர்களில் பாதிப் பேர் கைக்குழந்தையோடு வருவார்கள். மடியில் பிள்ளை இருக்கும். கையில் பென்சில் இருக்கும்.

அவர்களில் ஓர் அக்கா பட்டுச் சேலைக்குக் குச்சு கட்டுகிறார். முந்தானை ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தைத்தான் இங்கே குச்சு என்கிறோம். கடைக்காரர் சேலையைக் கொடுப்பார். அக்கா வீட்டில் வைத்துக் கட்டிக் கொடுப்பார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரு நாள் நான் கேட்டேன்: "அக்கா, ஒரு சேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமா? பிள்ளை தூங்குறப்ப கொஞ்சம் கட்டுவேன். சோறு வேகுறப்ப கொஞ்சம் கட்டுவேன். சும்மா இருக்கிற நேரத்துல செய்யுறதுதானே! அதுக்கு என்ன கணக்கு?"

அக்காவுக்கு 2 பிள்ளைகள். பெரியவளுக்கு 5 வயது. சின்னவனுக்கு ஒன்றரை வயது. காலை 5 மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுகிறார். இரவு 11 மணிக்குப் படுக்கிறார். இதில் சும்மா இருக்கிற நேரம் எது?

உங்களில் பலருக்கும் ஒரு கைத்தொழில் கற்க ஆசை இருக்கும். பிள்ளை சிறியது, வெளியே போக முடியாது, வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த வேலையைக் கற்பது? எப்படிக் கற்பது? செய்த வேலைக்குச் சரியான கூலி எப்படி வாங்குவது? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கீழே வைத்தால் கெடாத வேலை

பிள்ளை வளர்க்கும் வீட்டில் நேரம் முழுசாகக் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இங்கே 20 நிமிடம், அங்கே 10 நிமிடம். எனவே ஒரு கைவேலையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை "வீல்" என்று அழுதால், இந்த வேலையை அந்த நொடியே கீழே வைக்க முடியுமா?

கைத்தையலை வைக்கலாம். ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தால் போதும். கூடை பின்னுவதையும் பாதியில் நிறுத்தலாம். குரோஷா பின்னலில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கொக்கி ஊசி நழுவினால் வளையம் பிரிந்து கொண்டே போகும். அதற்கும் வழி இருக்கிறது. எழுந்திருக்கும் முன் கடைசி வளையத்தில் ஓர் ஊக்கை மாட்டிவிடுங்கள். பின்னல் அப்படியே நிற்கும்.

மெழுகுவத்தி செய்வதை வைக்க முடியாது. அடுப்பில் மெழுகு உருகிக் கொண்டிருக்கும். பினாயில் தயாரிப்பும் அப்படித்தான். குழுக்களில் இந்த இரண்டையும் விரும்பிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தவழும் பிள்ளை இருக்கிற ஒற்றை அறை வீட்டுக்கு இவை வேண்டாம் என்பது என் கருத்து. சூடான மெழுகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பினாயில் பாட்டிலைப் பிள்ளை வாயில் வைத்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு இவற்றைக் கற்கலாம்.

தையல் மெஷினுக்கும் நேரம் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றுவதைப் பார்த்தால் பிள்ளைக்கு விரலை நீட்டத்தான் தோன்றும். பிள்ளை தூங்கும்போதோ, அங்கன்வாடிக்குப் போயிருக்கும்போதோ மட்டும் மெஷினில் உட்காருங்கள்.

பழைய சேலையில் ஒரு பாடம்

எதிலிருந்து தொடங்குவது? பிள்ளைக்கு விரிக்கும் மெத்தைத் துணியிலிருந்தே தொடங்கலாம். செலவு இல்லை. கெட்டுப் போனாலும் நட்டம் இல்லை.

பீகார் மாநிலத்தில் முசாபர்பூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே பூசுரா என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்துப் பெண்கள் பிறந்த குழந்தைக்கு ஒரு விரிப்பு தைப்பார்கள். அதன் பெயர் சுஜனி. பழைய சேலை, பழைய வேட்டி, இவைதான் துணி. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கீழ்வரை வரிவரியாகத் தைப்பார்கள். உடுத்தி உடுத்திப் பழசான துணி பூப்போல இருக்கும். குழந்தையின் தோலை உறுத்தாது. நம் வீடுகளிலும் தூளி கட்டப் பழைய பருத்திச் சேலையைத்தானே தேடுகிறோம்! வங்காளத்தில் இதே போன்ற வேலையைக் காந்தா என்கிறார்கள்.

சுஜனி வீட்டோடு இருந்த வேலை. காலப்போக்கில் அதைச் செய்பவர்கள் குறைந்து போனார்கள். 1988-ல் 'அதிதி' என்ற அமைப்பின் துணையோடு பூசுரா பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். விற்பதற்காகச் சுஜனி தைக்கத் தொடங்கினார்கள். அதில் பூவும் பறவையும் மட்டும் தைக்கவில்லை. வரதட்சணைக் கொடுமை, குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன், பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளை என்று தங்கள் வாழ்க்கையையே படமாகத் தைத்தார்கள். படத்தின் ஓரத்துக்குக் கறுப்பு நூலில் சங்கிலித் தையல் போடுவார்கள். உள்ளே ஓட்டுத் தையலால் நிரப்புவார்கள். 2006-ல் பீகார் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025-ல் இந்த வேலைக்காக நிர்மலா தேவிக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவரும் பூசுராக்காரர்தான்.

இப்போது நாம் ஒன்று தைத்துப் பார்ப்போம்.

பழைய பருத்திச் சேலையாக எடுங்கள். நைலக்ஸ், பாலியஸ்டர் வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது. சேலையை நன்றாகத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். நைந்த இடத்தை விட்டுவிட்டு, 2 முழ நீளம், ஒன்றரை முழ அகலத்தில் 4 துண்டுகள் வெட்டுங்கள். தரையில் சுருக்கம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். முதலில் பெரிய பெரிய தையலாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் துணி நகராது. வேலை முடிந்ததும் இந்தத் தையலைப் பிரித்துவிடலாம்.

பிறகு ஓட்டுத் தையல். ஊசி மேலே வரும், கீழே போகும், மேலே வரும். அவ்வளவுதான். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கிப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு விரல் இடைவெளி போதும். நூலை உங்கள் கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமாக எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். முடியாது. சிக்குப் பிடித்து, அதை எடுப்பதிலேயே பொழுது போய்விடும். கடைசியில் நாலு ஓரத்தையும் மடித்துத் தைத்துவிடுங்கள்.

ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு வரி. பிள்ளை எழுந்துவிட்டால் அரை வரி. அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். முதல் 10 வரி கோணலாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. என் முதல் விரிப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்! 20 வரி தாண்டியதும் கை தானாக நேராகும். சின்னக் குழந்தைக்கு இதைக் கீழே மட்டும் விரியுங்கள். முகத்தை மூடும்படி மேலே போர்த்த வேண்டாம்.

ஊசியை எண்ணி எடுங்கள்

பிள்ளை இருக்கும் வீட்டில் ஊசி என்பது கத்தியைப் போல. கத்தி கண்ணுக்குத் தெரியும். ஊசி தெரியாது.

ஒரு சிவப்புத் துணியில் 5 ஊசிகளைக் குத்தி வையுங்கள். உட்காரும்போது எண்ணுங்கள். எழுந்திருக்கும்போது எண்ணுங்கள். 4 இருந்தால் ஐந்தாவது கிடைக்கும்வரை பிள்ளையைத் தரையில் விடாதீர்கள். பழைய ஸ்பீக்கரில் ஒரு காந்தம் இருக்கும். அதை எடுத்துத் தரையில் தடவினால் இரும்பு ஊசி ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்கோல், ஊசித்துணி, நூல் எல்லாவற்றையும் மூடி உள்ள ஒரு டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். நீள நூலைத் தூளிப் பக்கம் விடாதீர்கள். கழுத்திலோ விரலிலோ சுற்றிக்கொள்ளும்.

மணி, பொத்தான், சமிக்கி இவையெல்லாம் 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மிட்டாய் மாதிரி தெரியும். ஊசியையோ மணியையோ பிள்ளை விழுங்கிவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் வாழைப்பழம் கொடு, சோற்று உருண்டை கொடு என்பார்கள். கொடுக்காதீர்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லுங்கள்.

குச்சு கட்டும் அக்காவுக்கு வேறு மாதிரி ஓர் அனுபவம். கட்டிலில் பட்டுச் சேலை விரித்திருந்தது. சின்னவன் சாம்பார் சாதக் கையோடு வந்து முந்தானையைப் பிடித்துவிட்டான். அரக்குப் பட்டில் 5 விரலும் பதிந்தது. கடைக்காரர் சலவைச் செலவு என்று சொல்லி, அடுத்த 6 சேலைகளின் கூலியில் பிடித்துக்கொண்டார். அக்கா அன்று இரவு வகுப்புக்கு வரவில்லை. இப்போது சேலையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, குச்சு கட்டும் ஓரத்தை மட்டும் வெளியே விட்டு வேலை செய்கிறார். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் தொடுகிறார். அடுத்தவர் பொருளை வீட்டில் வைத்திருப்பதும் ஒரு பொறுப்புத்தான். அந்தப் பொறுப்புக்குக் கூலியில் இடமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா கைவேலை செய்கிறார் என்பதற்காகப் பெரிய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைக்கிறார்கள். இதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். "இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று ஆரம்பிக்கும். வாரத்தில் 3 நாளாகும். நாளைக்கு அந்தப் பெண்ணும் 30 வயதில் நம் வகுப்புக்கு வந்து அ, ஆ படிக்க வேண்டுமா?

நரசாப்பூரில் என்ன நடந்தது?

ஆந்திராவில் கோதாவரி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நரசாப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த வெளிநாட்டுப் பாதிரிமார் குடும்பங்கள் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். மெல்லிய பருத்தி நூலைக் கொக்கி ஊசியால் பின்னுவது. மேசை விரிப்பு, கட்டில் விரிப்பு, சட்டைக் கழுத்து எல்லாம் செய்வார்கள். சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு இந்த வேலை பரவியது. சரக்கு கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனது.

1970-களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் நாட்டு ஆய்வாளர் அங்கே வந்தார். அந்தப் பெண்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது என்ன தெரியுமா? வீட்டு வேலை எல்லாம் போக, பெண்கள் நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் லேஸ் பின்னினார்கள். ஆனால் யாரும் அவர்களைத் தொழிலாளி என்று சொல்லவில்லை. "இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்" என்றார்கள். ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைப்பது சுலபம்.

வேலையையும் பிரித்துவிட்டார்கள். ஒருவர் பூ மட்டும் பின்னுவார். இன்னொருவர் அந்தப் பூக்களைச் சேர்ப்பார். தரகர் இருவருக்கும் நடுவில் போய் வருவார். பூப் பின்னியவர் முழு விரிப்பைப் பார்த்ததே இல்லை. அது என்ன விலைக்குப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. 8 மணி நேரம் பின்னியவர் வீட்டில் இருந்தார். விற்றவர் வியாபாரி ஆனார்.

நரசாப்பூர் லேஸ் இன்றும் இருக்கிறது. 2024-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல வேலைப்பாடு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனாலும் நரசாப்பூர் கதையைப் படித்தபோது எனக்குக் குச்சு கட்டும் அக்காதான் நினைவுக்கு வந்தார். "சும்மா இருக்கிற நேரத்துல செய்யுறதுதானே!"

நோட்டில் ஒரு கணக்கு

மறுநாள் அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். சுவரில் கடிகாரம் இருக்கிறது. உட்காரும்போது மணி பாருங்கள். எழுந்திருக்கும்போது மணி பாருங்கள். எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள் என்றேன். எண் எழுதத்தான் அக்காவுக்கு வந்துவிட்டதே!

ஒரு சாதாரணக் குச்சுக்கு அவர் எழுதியது இது. திங்கள்கிழமை 30 நிமிடம், பிறகு 45 நிமிடம். செவ்வாய் 50, பிறகு 25. புதன் 60, பிறகு 30. எல்லாவற்றையும் கூட்டினோம். 240 நிமிடம். அதாவது 4 மணி நேரம்.

கூலி 80 ரூபாய். பட்டு நூலும் ஜரிகை நூலும் அக்கா வாங்கியது. அதற்கு 22 ரூபாய். மீதி 58 ரூபாய். 4 மணி நேரத்துக்கு 58 ரூபாய் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 14 ரூபாய் 50 காசு.

அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மணி கோத்த பெரிய குச்சு ஒன்று வந்தது. அதற்குக் கூலி 250 ரூபாய். பொருள் செலவு 41 ரூபாய். மீதி 209. நேரம் 11 மணி. மணிக்கு 19 ரூபாய் விழுந்தது. இதுவரை அக்கா என்ன நினைத்திருந்தார்? சாதாரணக் குச்சு சட்டென்று முடிகிறது, அதில்தான் லாபம் என்று நினைத்திருந்தார். கணக்கு வேறு மாதிரி சொன்னது. ஆனால் பெரிய குச்சிலும் ஒரு தொல்லை இருக்கிறது. சேலை வீட்டில் அதிக நாள் இருக்கும். மணி சிதறும். சின்னவன் வேறு இருக்கிறான்.

நீங்களும் இப்படி எழுதிப் பாருங்கள். தேதி, நிமிடம், பொருள் செலவு, வந்த கூலி. இந்த 4 கட்டம் போதும். எத்தனை உருப்படி கொடுத்தீர்கள், எவ்வளவு பாக்கி என்பதையும் எழுதி, வாங்குபவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். பிறகு பேச்சு மாறாது.

முன்பணம் கட்டினால் வீட்டுக்கே வேலை அனுப்புகிறோம் என்று போனில் வரும் செய்திகளை நம்பாதீர்கள். வேலை கொடுப்பவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நாம் எதற்கு அவருக்குத் தர வேண்டும்?

எங்கே கேட்பது?

அகமதாபாத்தில் மில்களில் விழும் வெட்டுத் துணியை வாங்கி, வீட்டில் உறை தைத்த பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் போன்ற பெண்களுக்காக 1972-ல் இலா பட் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, "உங்களுக்கு முதலாளியே இல்லையே, சங்கம் எதற்கு?" என்று அதிகாரிகள் கேட்டார்கள். விடாமல் வாதாடித்தான் பதிவு செய்தார்கள். கூலிக்காகப் போராடியதோடு சேவா நிற்கவில்லை. குழந்தைகள் காப்பகங்களையும் நடத்தியது. காப்பகம் இருந்தால் அம்மாவுக்கு முழு நேரம் கிடைக்கும். பிள்ளையும் பத்திரமாக இருக்கும்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு சங்கம் இல்லாமல் இருக்கலாம். ஒரே கடைக்கு வேலை செய்யும் 5 பேர் சேர்ந்து ஒரே கூலி கேட்டாலே கடைக்காரர் யோசிப்பார்.

தொழில் கற்க மக்கள் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்றும் சொல்வார்கள். பல மாவட்டங்களில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், புதிதாகக் கற்றவர்களுக்கும் தையல், எம்பிராய்டரி போன்ற தொழில்களைக் கற்றுத் தருகிறார்கள். கைவினைஞர்களுக்கு மத்திய அரசு 'பெஹ்சான்' என்ற அடையாள அட்டை தருகிறது. வீட்டிலிருந்து கூலி வேலை செய்பவர்கள் இ-ஷ்ரம் பதிவும் செய்யலாம். 2021-ல் தொடங்கிய திட்டம் இது. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பதிவு செய்யும்போது "தொழில்" என்று ஒரு கட்டம் வரும். அதில் இல்லத்தரசி என்று போடாதீர்கள். என்ன வேலை செய்கிறீர்களோ, அதைச் சொல்லி எழுத வையுங்கள்.

குச்சு கட்டும் அக்கா போன மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் சிரித்தார். "கணக்கு எல்லாம் எழுதுற அளவுக்கு வந்துட்டியா?" என்றார். அக்கா பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். நிமிடம் நிமிடமாக எழுதியிருந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். 20 ரூபாய் கேட்டதற்கு 10 ரூபாய் கூட்டித் தருகிறேன் என்றார். நூலையும் கடையே தர வேண்டும் என்று அக்கா கேட்டார். அதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று வகுப்பில் அக்காவே கணக்குப் போட்டார். 90-லிருந்து 22 போனால் 68. அதை 4-ஆல் வகுத்தார். மணிக்கு 17 ரூபாய். எழுதிவிட்டு, மடியில் தூங்கிப் போயிருந்த சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நூல் விஷயத்தை அடுத்த மாசம் திரும்பக் கேட்பேன். இந்த தடவை பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.